தட்டின் உள்ளே, பானையின் வெளியே

அரிக்கமேட்டு ஓடு ஒன்றையும் சௌல்தாரி ஓடு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருடங்களாக உண்டு. ஒன்று புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் கிடைத்தது. மற்றது நான் குடியிருக்கும் போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்மிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில், தெற்கு அந்தமானில் ஒரு சிப்பி மேட்டில் கிடைத்தது. இடையே வங்கக்கடல், கப்பலில் மூன்று நாள். இரண்டும் ஒரே மேசைக்கு வரப்போவதில்லை. அதனால் எழுத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் அரிக்கமேட்டு ஓடு. தொல்லியலில் இதை ரௌலட்டட் மட்கலம் என்கிறார்கள். முழுத் தட்டாக எண்ணிப் பார்த்தால் ஓர் அடியை ஒட்டிய அகலம், தட்டையான அடி, உள்நோக்கி வளைந்து பறவை அலகுபோல் முடியும் விளிம்பு. மண் அவ்வளவு மென்மையாக அரைக்கப்பட்டது. உடைந்த ஓரத்தைப் பார்த்தால் மணலே தெரியாது. சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருக்கும். மேலே கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு மெல்லிய பூச்சு, சாய்த்துப் பார்த்தால் பளபளக்கும். தட்டின் உள்ளடியில், நடுவைச் சுற்றி, வட்ட வட்டமாக நுண்ணிய குழிகள். ஒவ்வொன்றும் எள்ளின் அளவுகூட இருக்காது. சில தட்டுகளில் முக்கோணம், சிலவற்றில் பிறை, சிலவற்றில் வெறும் கோடு. சாதாரணமாக இரண்டு பட்டைகள், நடுவே வெற்றிடம்.

அரிக்கமேடு உலகின் கண்ணுக்கு வந்த கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் ஆம்போரா மதுச்சாடியின் துண்டைப் பார்த்தார். அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போய், 1945-ல் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தார். இத்தாலியின் அரெட்சோ நகரத்தின் பெயரால் வழங்கும் அரெட்டைன் என்ற சிவப்பு மட்கலத்தின் துண்டுகள் அங்கே கிடைத்தன. அவற்றில் சிலவற்றின் அடியில் செய்தவர் அல்லது பட்டறையின் பெயர் முத்திரையாக இருந்தது: விபியே, காமுரி, இட்டா. கிறிஸ்து பிறப்பை ஒட்டிய காலத்தில் புழங்கிய பெயர்கள். எண்ணிக்கையில் மிகச் சில ஓடுகள். ஆனால் தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்கே அவற்றைக் கொண்டுதான் அன்று ஆணியடிக்கப்பட்டது.

அரெட்டைன் ரோமானியப் பொருள்தான். அதன் பாட்டன் வீடு கிரேக்கம். மண்ணை நீரில் கரைத்துத் தெளியவைத்து, மேலே நிற்கும் மிக நுண்ணிய குழம்பை மட்டும் எடுத்துப் பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் வித்தையை ஏதென்ஸ்காரர்கள் உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரே சூளையில் மூன்று கட்டம்: காற்றை விட்டுச் சுடுவது, பிறகு காற்றை அடைத்துப் புகையில் கறுக்கவைப்பது, மறுபடியும் காற்றை விடுவது. பூச்சு இறுகிக் கறுப்பாகவே நின்றுவிடும். பூச்சில்லாத இடம் சிவப்புக்குத் திரும்பும். கறுப்பும் சிவப்புமாக நாம் படங்களில் காணும் கிரேக்கக் குடங்கள் அப்படிப் பிறந்தவை. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் எக்சேக்கியாஸ் என்பவர், கிரேக்கக் காவிய வீரர்களான அக்கிலீசும் ஏயாசும் பகடையாடும் காட்சியை ஒரு குடத்தில் வரைந்து, வரைந்ததும் வனைந்ததும் நானே என்று கையெழுத்தும் இட்டார். அந்தக் குடம் இன்று வத்திக்கானில் இருக்கிறது. பிறகு, கி.மு. 4-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸின் கறுப்புக் கிண்ணங்களின் உள்ளடியில் இதே எள்குழி வட்டங்கள் வருகின்றன. வீலரின் கண் அங்கேதான் போயிற்று. அரிக்கமேட்டின் ரௌலட்டட் தட்டு மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்தது, பின்னால் அதைப் பார்த்து இங்கே செய்தார்கள் என்று அவர் கருதினார்.

அந்தக் கருத்து நாற்பது ஆண்டுகள் நின்றது. விமலா பெக்லி 1988-ல் அதை மறுபடி எடைபோட்டார். தட்டின் வடிவம் இந்திய வடிவம், குழிகளின் நுட்பம் வேண்டுமானால் மேற்கிலிருந்து கற்றதாக இருக்கலாம் என்ற பக்கம் அவர் சாய்ந்தார். புனே தக்காணக் கல்லூரியின் வி.டி. கோக்தே 1997-ல் எக்ஸ்-கதிர் ஆய்வு செய்து, மண் வங்காளத்தின் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதியைச் சேர்ந்தது என்றார். 2005-ல் போர்டு, கானிங்ஹாம் முதலானோரின் வேதியியல் ஆய்வு வெளிவந்தது. அரிக்கமேட்டிலும் அனுராதபுரத்திலும் கிடைத்த இந்த வகை ஓடுகளுக்கு மண்மூலம் ஒன்றுதான், அது தெற்காசியாவில்தான் என்று அது சொன்னது. எந்த ஆற்றுப்படுகை என்பதில் வழக்கு இன்னும் முடியவில்லை. ஏதென்ஸ் இல்லை, அரெட்சோ இல்லை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நுட்பம் கடல் தாண்டிக் கற்றதுதானா என்ற கேள்வியில் நான் ஒரு பக்கம் சாய்கிறவன். என் அப்பாவின் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில், அழகன்குளத்துக்குப் பக்கம். ரௌலட்டட் ஓடுகளும் கப்பல் கீறிய ஓடும் கிடைத்த அதே அழகன்குளம். ஒருமுறை ஊருக்குப் போனபோது வேளார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் ஒரு பானையின் அடியைச் செதுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி உலர்ந்த பதம். சக்கரம் சுற்ற, மெல்லிய இரும்புத் தகட்டை மண்மேல் வைத்தார். தகடு திடீரென்று தத்த ஆரம்பித்தது. கணநேரத்தில் வட்டம் முழுக்கப் பல் பல்லாக ஒரு வரிசை விழுந்துவிட்டது. "தகடு துள்ளுது பாருங்க தம்பி, இறுக்கிப் பிடிக்கலேன்னா இப்படித்தான் கடிச்சு வச்சிரும்" என்று சொல்லிவிட்டு ஈரத்துணியால் அழித்தார். கிரேக்கக் குயவனும் இதே துள்ளலைத்தான் அலங்காரமாக மாற்றினான் என்கிறார்கள். சுற்றும் சக்கரமும் வளையும் தகடும் உள்ள எந்த ஊரிலும் இந்தத் துள்ளல் நடக்கும். பிழையாகப் பார்த்து அழிப்பவரும் இருப்பார், அழகாகப் பார்த்து வைத்துக்கொள்பவரும் இருப்பார். இரண்டாமவர் ஏதென்ஸில் மட்டுமே பிறந்திருக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி எங்கள் தீவின் ஓடு. அந்தமானில் பழைய குடியிருப்புகளுக்குக் கோட்டை கிடையாது, செங்கல் கிடையாது. தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் தின்று போட்ட சிப்பி, பன்றி எலும்பு, சாம்பல், உடைந்த பானை எல்லாம் சேர்ந்து குன்றுபோல் உயர்ந்த மேடுகள்தான் எச்சம். 1870-லேயே பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இந்த மேடுகளைப் பற்றிக் குறிப்பு எழுதினார். முறையாகத் தோண்டிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் தக்காணக் கல்லூரியைச் சேர்ந்த ஜரீன் கூப்பர். சௌல்தாரி மேட்டில் அவருக்குக் கிடைத்த பழைய கரிமக் கணக்கு இன்றைக்குச் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் போகிறது. அரிக்கமேட்டுத் தட்டுகள் புழக்கத்துக்கு வந்த காலமும் ஏறத்தாழ அதுதான். இந்தப் பொருத்தத்தை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே ஒருவர் கறுப்புத் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த நாளில், இங்கே ஒருவர் பானையில் சிப்பி வேகவைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்தப் பானையை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டின் நேர்ச் சாட்சி உண்டு. இங்கே அதிகாரியாக இருந்த இ.எச். மேன், 1883-ல் வெளிவந்த தம் நூலில் கிரேட் அந்தமானியர் பானை செய்வதை விவரிக்கிறார். சக்கரம் இல்லை. கல் பொறுக்கி நீக்கிய மண்ணைப் பிசைந்து திரிதிரியாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி வைத்து உயர்த்துவார்கள். விசிறிபோல் வரிவரியாக இருக்கும் ஒரு சிப்பியால் உள்ளும் புறமும் வழித்துச் சமன் செய்வார்கள். பிறகு கூரிய குச்சியால் வெளிப்புறத்தில் அலையாக, கட்டமாக, கோடு கோடாகக் கீறுவார்கள். வெயிலில் உலர்த்தி, எரியும் விறகுத் துண்டுகளைப் பானைக்குள்ளும் சுற்றியும் வைத்துச் சுடுவார்கள்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் கண்ணில் முதலில் படுவது மண்ணின் வித்தியாசம். அரிக்கமேட்டு ஓடு வழவழப்பு. தீவின் ஓடு சொரசொரப்பு, தடிமன், கரி ஏறியது. ஒரு கருத்தரங்கில் இப்படிப்பட்ட ஓட்டைக் காட்டிய ஒருவர் 'நாகரிகம் எட்டாத கையின் வேலை' என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். எனக்கு நெஞ்சு வலித்தது. அடுப்பில் ஏறும் பானைக்கு மண்ணில் பரல் வேண்டும். சூட்டில் மண் விரிந்து குளிரில் சுருங்கும்போது, அந்தப் பரல்தான் விரிசல் ஓடாமல் தடுக்கிறது. அரிக்கமேட்டுத் தட்டை அடுப்பில் வைத்தால் முதல் நாளே வெடித்துப்போகும். பரிமாறும் பாத்திரத்தையும் சமைக்கும் பாத்திரத்தையும் ஒரே தராசில் வைத்து, ஒன்றை நுண்கலம் என்றும் மற்றதை முரட்டுக்கலம் என்றும் தரம் பிரிப்பது சமையல் தெரியாதவர்களின் கணக்கு. நம் அம்மாக்கள் யாரும் குழம்புச் சட்டியை வழவழப்புக்காக வாங்கியதில்லை; தட்டிப் பார்த்து ஓசை கேட்டுத்தான் வாங்கினார்கள்.

அலங்காரம் இருக்கும் இடம் இதைவிட எனக்கு நெருக்கமானது. அரிக்கமேட்டுத் தட்டில் அழகு உள்ளடியில் இருக்கிறது. சோறு இருக்கும்வரை அது தெரியாது. உண்பவர் பாதிக்கு மேல் சாப்பிட்ட பிறகு முதல் வட்டம் எட்டிப் பார்க்கும். தட்டு காலியானால்தான் இரண்டாவது வட்டமும் நடுவெளியும் தெரியும். உண்ணும் ஒருவருக்கு மட்டுமான, தலைகுனிந்து பார்க்கிற அழகு. தீவின் பானையில் அழகு வெளிப்புறத்தில். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லாரும் அதை ஒரே நேரத்தில் பார்ப்பார்கள், சுடர் அசைய அசையக் கீறல்களின் நிழலும் அசையும். கரி ஏற ஏற அது மறையவும் செய்யும். மறையும் என்று தெரிந்தேதான் கீறியிருக்கிறார்கள். வெண்களிமண்ணைக் குழைத்து முகத்திலும் உடலிலும் மெல்லிய கோடுகள் இடும் வழக்கம் இதே மக்களுக்கு இருந்தது. அதுவும் வியர்வையிலும் மழையிலும் போய்விடுவது, மறுபடி இடுவது.

செய்தவரின் பெயர் என்று வந்தால் இரண்டு ஓடுகளும் ஊமைதான். எக்சேக்கியாசுக்குக் கையெழுத்து, காமுரிக்கு முத்திரை. ரௌலட்டட் தட்டை வனைந்த இந்தியக் குயவருக்குப் பெயர் இல்லை. தீவின் பானைக்காரருக்கும் இல்லை. பெயர் இல்லாத பொருளுக்குத் தகப்பன் தேடுகிறவர்கள் எப்போதும் வெளியூரில்தான் தேடுகிறார்கள். அரிக்கமேட்டில் நடந்ததே அந்தமானிலும் நடந்தது. 1950-களில் இங்கே மேடுகளைத் தோண்டிய இத்தாலிய மானுடவியலாளர் லிதியோ சிப்ரியானி, கீழடுக்குகளில் பானை இல்லை, பிறகு நல்ல வேலைப்பாட்டோடு அது தோன்றுகிறது, மேலே வரவரத் தரம் தாழ்கிறது என்று எழுதினார். அதிலிருந்து, பானை வெளியார் கொண்டுவந்தது, தீவினர் அதைக் காப்பாற்றக்கூடத் தெரியாமல் கெடுத்தார்கள் என்ற வாதம் கிளம்பியது. 1938-ல் இத்தாலியின் இனக்கொள்கை அறிக்கையில் கையெழுத்திட்ட பத்து அறிஞர்களில் அவரும் ஒருவர். மக்களை மேல், கீழ் என்று அடுக்கிப் பழகிய கண் மண்ணடுக்கையும் அப்படித்தான் படிக்கும் என்பது என் சந்தேகம். அந்தப் பானை வெளியிலிருந்து வந்திருக்கவே முடியாது என்று நான் வாதாட வரவில்லை. கடல் எல்லாருக்கும் வழி. ஆனால் அரிக்கமேட்டு வழக்கைத் தீர்த்தது கண் இல்லை, மண். தீவின் ஓட்டையும் அப்படித்தான் கேட்க வேண்டும். கூப்பரும் ராகவனும் 1989-ல் அந்தமான் ஓடுகளின் கனிமத் துகள்களை ஆராய்ந்து எழுதியது அந்த வழியில் ஒரு முக்கியமான அடி.

கடல் வழி என்றேன். ரௌலட்டட் ஓடுகள் பாலித் தீவின் செம்பிரானிலும் பச்சுங்கிலும் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு தூரம் கிழக்கே போன கலங்கள் இந்தத் தீவுகளின் வரிசையைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். கப்பலின் அடித்தளத்தில் வைக்கோலுக்கு நடுவே அடுக்கிய கறுப்புத் தட்டுகள். தூரத்தில் கரையில் ஒரு புகை. தட்டை ஏற்றியவர்களும் பானையைக் கீறியவர்களும் ஒருவரையொருவர் அவ்வளவு தொலைவில் பார்த்திருக்கக் கூடும்.

இரண்டு ஓடுகளுக்கும் பின்னால் நடந்தது ஒன்றல்ல. ரௌலட்டட் தட்டு வழக்கொழிந்தது. ஆனால் மண் மிதிப்பவர்கள் ஒழியவில்லை. அப்பாவின் ஊர் வேளார் இன்றும் சக்கரம் சுற்றுகிறார். இங்கே 1858-ல் கைதிக் குடியிருப்பு வந்தது. நோய் வந்தது, உலோகப் பாத்திரம் வந்தது. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் இந்தப் போர்ட் பிளேரும், நான் காய்கறி வாங்கும் டெய்ரி ஃபார்ம் தெருவும் கிரேட் அந்தமானியரில் ஒரு பிரிவான அக்கா-பியா மக்களின் நிலம். அவர்கள் மொழியைப் பேச இன்று ஒருவரும் இல்லை. பானைக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பதை மேனின் புத்தகத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.

போன மழைக்காலம் முடிந்ததும் சௌல்தாரிப் பக்கம் போயிருந்தேன். வெட்டுப்பட்ட ஒரு மண்கரையில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அடியில் மழை கழுவி விட்ட ஓர் ஓடு, இரண்டு விரல் அகலம், ஒரு பக்கம் கறுப்பு. எடுத்துத் திருப்பினேன். இரண்டு அலைக்கோடுகள், ஒன்றையொன்று தொடாமல், ஓரம்வரை. கீறிய குச்சி மேலேறிய இடத்தில் மண் கொஞ்சம் ஒதுங்கிக் கரைபோல் நின்றிருந்தது. விரல் நகத்தை வைத்தால் அந்தப் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தது. கோடு ஓரிடத்தில் தடுமாறி, அடுத்த வளைவில் நேராகியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவர மனம் துடித்தது. ஆனால் இடத்தை விட்டு நகர்ந்த ஓட்டுக்கு வயது சொல்ல முடியாது. கிடந்த பள்ளத்திலேயே, கறுப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மேலே இரண்டு சிப்பிகளைத் தள்ளி மூடிவிட்டுப் பேருந்துக்கு நடந்தேன்.