எதிர்ப்பொருள் துண்டுகளும் புற்றுநோய்ப் படமெடுப்பும்

எதிர்ப்பொருள் துண்டு என்பது, ‘ஆன்டிபாடி’ எனப்படும் நோயெதிர்ப்புப் புரதத்தில் இலக்கைப் பற்றிக்கொள்ளும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தோ வடிவமைத்தோ பெறும் சிறு மூலக்கூறு ஆகும். அதனுடன் கதிரியக்க அணு ஒன்றை இணைத்து இரத்தத்தில் செலுத்தினால், அது புற்றுநோய்க் கட்டியில் சென்று ஒட்டும். அங்கிருந்து வெளிவரும் கதிர்களைக் கொண்டு கருவி படம் எடுக்கும்.

தொடக்கம்

கதிரியக்க அயோடின் இணைத்த எதிர்ப்பொருள் எலியின் சிறுநீரகத்தைத் தேடிச் சேர்வதை 1948இல் அமெரிக்காவில் பிரஸ்மனும் கெய்லியும் காட்டினர். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு பெறும் முறையை 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டறிந்தனர். 1978இல் கோல்டன்பெர்க் குழுவினர் நோயாளிகளின் கட்டிகளை இவ்வழியில் படமெடுத்தனர்.

ஆனால் முழு எதிர்ப்பொருள் பெரியது. அதன் எடை சுமார் 150 கிலோடால்டன். அது பல நாட்கள் இரத்தத்திலேயே சுற்றுவதால், இரத்தத்தின் கதிர்வீச்சு கட்டியை மறைத்துவிடும். சிர்க்கோனியம்-89 இணைத்த டிராஸ்டுசுமாப் என்ற எதிர்ப்பொருளில், தெளிவான படம் ஊசி போட்ட 4, 5 நாட்களுக்குப் பிறகே கிடைக்கிறது.

துண்டாக்குதல்

பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன் நொதியால் எதிர்ப்பொருளை வெட்டலாம் என்று 1959இல் ரோட்னி போர்ட்டர் காட்டினார். அவ்வாறு கிடைத்த ‘ஃபேப்’ துண்டின் எடை சுமார் 50 கிலோடால்டன். இவ்வளவு சிறிய துண்டைச் சிறுநீரகம் விரைவில் வடிகட்டிவிடும். டெக்னீசியம்-99எம் இணைத்த இவ்வகைத் துண்டான சிஇஏ-ஸ்கேன், பெருங்குடல் புற்றுநோயைப் படமெடுக்க 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

1988இல் மரபணுப் பொறியியல் வழியே ஒற்றைச் சங்கிலித் துண்டு உருவானது. 1993இல் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் ஒட்டகத்தின் இரத்தத்தில் எளிய அமைப்புடைய எதிர்ப்பொருளைக் கண்டனர். அதன் பற்றும் பகுதியே 15 கிலோடால்டன் எடையுள்ள ‘நானோபாடி’. காலியம்-68 இணைத்த நானோபாடியை மார்பகப் புற்றுநோயாளிகள் 20 பேரிடம் சோதித்த முடிவுகள் 2016இல் வெளியாயின. ஊசி போட்ட 60 முதல் 90 நிமிடங்களில் நல்ல படம் கிடைத்தது.

சிறிதாக்குவதன் விலை

துண்டு மிகச் சிறிதானால், கட்டியில் போதிய அளவு சேரும் முன்பே வெளியேறிவிடும். மேலும் சிறுநீரகத்தில் கதிரியக்கம் தேங்குவதால் அதன் அருகிலுள்ள கட்டிகள் தெளிவாகத் தெரிவதில்லை. இதனால் டயாபாடி, மினிபாடி போன்ற இடைப்பட்ட அளவுகளும் வடிவமைக்கப்பட்டன.

நோயாளிக்கு என்ன பயன்?

கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் வாழும் ஒருவர், கள்ளக்குறிச்சி வழியாகச் சென்னை செல்ல 250 கி.மீ.க்கு மேல் பயணம் செய்ய வேண்டும். முழு எதிர்ப்பொருளைக் கொண்டு படமெடுத்தால், ஊசிக்கு ஒரு நாளும் படத்துக்கு வேறொரு நாளும் வர வேண்டும். இல்லையேல் இடைப்பட்ட நாட்களில் நகரில் தங்க வேண்டும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். துண்டுகளைக் கொண்டு ஒரே நாளில் படமெடுத்துத் திரும்பலாம். எனினும் இம்முறை இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.