மகிழுந்தில் ஒலித்த தமிழ்

1985ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள், மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்தாகிய புரோட்டோன் சாகா அறிமுகமாயிற்று. அதனை உருவாக்கிய ஆலை ஷா ஆலமில் அமைந்திருந்தது. அக்காலம் ஒலிநாடா கோலோச்சிய காலம்.

1930இல் அமெரிக்காவில் மோட்டோரோலா மகிழுந்து வானொலி விற்பனைக்கு வந்தது. வானொலி தருவதையே கேட்டு மகிழ்ந்தனர் மக்கள். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய ஒலிநாடாப் பேழையை வெளியிட்டது. அது பரவியபின், விரும்பிய பாட்டை விரும்பிய வேளையில் கேட்கும் வாய்ப்பு எளியோர்க்கும் கிட்டிற்று.

அறுபது நிமிடப் பேழையில் பக்கத்திற்கு 30 நிமிடம். ஒரு பாட்டைத் தாண்டிச் செல்வது எளிதன்று. ஆகவே கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியே கோலாலம்பூர் செல்லும் குடும்பம் ஒரே பாடல்களை ஒருங்கே கேட்டது. பின்னிருக்கைப் பிள்ளைகள் பொருள் வினவினர், பெற்றோர் விளக்கினர். வண்டியே வகுப்பறையாயிற்று.

1982இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. பின்னாளில் புளூடூத் வந்தது. ஒலி தெளிந்தது, நாடா சிக்கும் தொல்லை ஒழிந்தது. ஆயினும் இன்று பிள்ளைகள் காதுகளில் தனித்தனிக் கேட்பொறிகள்!

கருவி மாறுவதைத் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டா. ஒருங்கே கேட்கும் வழக்கம் அழிவதற்கே நாம் அஞ்சவேண்டும். வீடு திரும்பும் வழியில் ஒரு தமிழ்ப்பாட்டை அனைவரும் கேட்க ஒலிக்கவிடுவோம். பொருள் வினவும் மழலைக்குரல் மீண்டும் எழட்டும்.