மேட்டுக்கு இரண்டு பிரதிநிதி!

ஆடு மேய்ந்தது, ஆள் இல்லை. புல் முளைத்தது, புகையும் கூரை இல்லை. கோட்டை இருந்த இடத்தில் குட்டிச்சுவர். தேவாலயம் இருந்த இடத்தில் கற்குவியல். ஆயினும் அந்த மேட்டுக்கு இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் இடம் உண்டு. ஒன்றல்ல, இரண்டு! அதே காலத்தில், ஆலைகள் இரைய, இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் உழைத்து வாழ்ந்த மான்செஸ்டர் நகருக்கு ஓர் இடமும் இல்லை. பர்மிங்காமுக்கும் இல்லை, லீட்சுக்கும் இல்லை.

அந்த மேட்டின் பெயர் ஓல்டு சாரம். வில்ட்சயர் பகுதியில், சாலிஸ்பரி நகருக்கு வடக்கே இரண்டு மைலில் உள்ளது. ஒரு காலத்தில் அது நகரந்தான், மறுப்பதற்கில்லை. நார்மானியர் அங்கே கோட்டை கட்டினர். 1092இல் பெருந்தேவாலயமும் எழுந்தது. மேட்டில் தண்ணீர்ப் பஞ்சம். பாதிரிமாருக்கும் கோட்டைப் படையினருக்கும் ஓயாத பூசல். 1220இல் கீழே சமவெளியில் புதிய தேவாலயத்துக்குக் கால்கோள் நடந்தது. மக்களும் மேட்டைவிட்டு இறங்கினர். ஊர் போயிற்று. ஊருக்கென அளித்த உரிமை மட்டும் போகவில்லை! பேய்வீட்டுக்குப் பட்டா இருப்பதுபோல் 1832 வரை அது நிலைத்திருந்தது.

இதனை வகுப்பில் சொன்னபோது மாணவன் ஒருவன் கேட்டான்: “ஆளே இல்லையென்றால் ஓட்டுப் போட்டது யார், சார்?” நல்ல கேள்வி. ஓட்டு மனிதனுக்கு இல்லை, மண்ணுக்கு! பழைய மனைநிலத் துண்டுகள் சிலவற்றோடு வாக்குரிமை ஒட்டிக்கொண்டிருந்தது. மேட்டின் சொந்தக்காரச் சீமான், தேர்தல் வந்ததும் தமக்கு வேண்டியவர் பெயரில் அத்துண்டுகளை எழுதிவைப்பார். அவர்கள் வயல்வெளியில் ஓர் எல்ம் மரத்தடியில் கூடுவர், சீமான் சுட்டிய இருவரைத் ‘தேர்ந்தெடுப்பர்’, கலைவர். கடைசிக் காலத்தில் வாக்காளர் தொகை எத்தனை தெரியுமா? விரல்விட்டு எண்ணத்தக்க சிலர்தான்!

இங்கிலாந்துக்காரன் கதை நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு செய்தி. அந்த மேட்டை வாங்கியவர்களின் பணப்பை நம் நாட்டில் நிரம்பியது.

தாமஸ் பிட் என்றொரு வணிகர். கம்பெனியின் அனுமதியின்றி வங்கக் கரையில் வாணிபம் செய்து செல்வம் சேர்த்தவர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஓல்டு சாரத்தை விலைக்கு வாங்கினார். தாமே அதன் உறுப்பினராகவும் அமர்ந்தார். விதி மீறிய அந்த வணிகரைத்தான் அதே கம்பெனி 1698இல் சென்னைக்கு ஆளுநராக அனுப்பியது! பதினோராண்டு கோட்டையில் அமர்ந்து ஆண்டார். அக்காலத்தில் 48,000 வராகனுக்குக் கோல்கொண்டா வைரம் ஒன்றை வாங்கி, 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஆர்லியன்ஸ் கோமகனுக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். ‘வைர பிட்’ என்றே அவருக்குப் பெயர். அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735இல் பாராளுமன்றம் புகுந்த வாயில் எது? ஓல்டு சாரமேதான்!

1802இல் மேடு கைமாறியது. வாங்கியவர் கேலடன் பிரபு. அவருடைய தந்தையின் செல்வமும் இந்தியாவில் திரட்டியதே. அக்குடும்பத்துக்குச் சம்பந்தி, 1770 முதல் 1773 வரை சென்னையில் ஆளுநராயிருந்த ஜோசையா டு பிரே. ஓல்டு சாரத்தின் கடைசி உறுப்பினர் இருவரில் ஒருவர் பெயர் ஜோசையா டு பிரே அலெக்சாண்டர். பெயரே கதை சொல்கிறதல்லவா?

இந்தப் பணம் மண்ணில் விளைந்ததா, மக்கள் முதுகில் விளைந்ததா? ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, சென்னையிலிருந்த கம்பெனி ஊழியர்களிடமே கடும் வட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாக வைத்தது சீமைகளின் வரி வருவாய். அந்த வரி எங்கிருந்து வரும்? உழவனின் களத்துமேட்டிலிருந்து! நவாபின் பேரால் வரி தண்ட 1755இல் கர்னல் ஹெரான் படையோடு நெல்லைச் சீமைக்குள் நுழைந்தபோது, சங்கரன்கோவிலை அடுத்த நெற்கட்டும்செவலில் எதிர்த்து நின்றான் பூலித்தேவன். குருவிகுளத்துக் கரிசலில் பருத்தி எடுப்போருக்கு அது பக்கத்து ஊர்க் கதை. அந்த வரியைக் கேட்டவர்களின் கடன்பத்திரம் இலண்டனில் பாராளுமன்ற நாற்காலியாக மாறியது என்பதுதான் நம் பாடநூல்கள் பேசாத பகுதி.

கடன் கொடுத்தோரில் முதல்வர் பால் பென்பீல்டு. 1780இல் கிரிக்லேடு தொகுதியின் உறுப்பினரானார். தம்மையும் சேர்த்து எட்டுப் பேரை அவர் பாராளுமன்றத்தில் அமர்த்தினார் என்று எட்மண்டு பர்க் 1785 பிப்ரவரி 28இல் அச்சபையிலேயே குற்றஞ்சாட்டினார். நவாபின் கடன்களைச் சரிவர விசாரணை செய்யாமலே ஏற்றுக்கொண்ட அமைச்சரவையின் தலைவர் யார்? இளைய வில்லியம் பிட். வைர பிட்டின் கொள்ளுப்பேரன்! பர்க் முழங்கினார், சபை அவர் பக்கம் நிற்கவில்லை. 1792 உடன்படிக்கையால் பாளையக்காரர்களிடம் கப்பம் பெறும் பொறுப்பைக் கம்பெனி தானே எடுத்துக்கொண்டது. ஏழாண்டு கழித்து, 1799 அக்டோபர் 16இல், கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலேறினான். புல்மேட்டுக்கு இரண்டு குரல். வரி கொடுத்த நெல்லைச் சீமைக்கு அச்சபையில் ஒரு முனகலும் இல்லை!

ஓல்டு சாரம் தனியொன்று அன்று. டன்விச் என்னும் துறைமுகத்தைக் கடல் தின்றுவிட்டது. அதற்கும் இரண்டு உறுப்பினர்! ‘அழுகிய தொகுதிகள்’ என்று மக்கள் இவற்றை ஏசினர். ஆனால் ஆதரித்துப் பேசக் கற்றவர்களும் இருந்தனர், அதுதான் வியப்பு. பழைமையானது, முன்னோர் வகுத்தது, கை வைத்தால் அரசமைப்பே சரியும் என்றனர். பெரிய பிட் போன்ற மேதைகள் அவ்வழியாக வரவில்லையா என்றும் கேட்டனர். இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே! கோயில் வாசலில், குளத்துப் படித்துறையில், தேநீர்க் கடையின் தனிக் குவளையில் கேட்டோம். இத்தனைக்கும் அந்தப் பெரிய பிட்டே தம் முதுமையில் இத்தொகுதிகளை அரசமைப்பின் அழுகிய உறுப்பு என்று இகழ்ந்தவர்.

1831 அக்டோபரில் சீர்திருத்த மசோதாவைப் பிரபுக்கள் சபை தள்ளியது. நாட்டிங்காம் கோட்டை எரிந்தது. பிரிஸ்டல் நகர் கொந்தளித்தது. புதிய பிரபுக்களை நியமித்துச் சபையை நிரப்புவோம் என்ற அச்சுறுத்தலுக்குப் பிறகே எதிர்ப்பு அடங்கியது. 1832 ஜூன் 7இல் சட்டம் நிறைவேறிற்று. 56 தொகுதிகள் தம் இடங்களை முற்றிலும் இழந்தன. ஓல்டு சாரம் அவற்றுள் ஒன்று. மான்செஸ்டருக்கு இடம் கிடைத்தது.

உழைப்பாளிக்கு? இல்லை. இங்கிலாந்தில் வயது வந்த ஆடவரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே வாக்கு வந்தது. வாக்காளர் ‘ஆண்’ என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுதியதும் அப்போதுதான். இரகசிய வாக்குச்சீட்டு 1872இல் வந்தது. ஆணுக்கு நிகரான வாக்குப் பெண்ணுக்கு 1928இல்தான் வந்தது. இங்கே, நீதிக்கட்சி ஆட்சியிலிருந்த சென்னை மாகாணத்தில், ஆணுக்குரிய அதே தகுதியில் பெண்ணுக்கும் 1921லேயே வாக்கு வழங்கப்பட்டது. சொத்துத் தகுதி என்னும் முள்வேலி மட்டும் அப்படியே இருந்தது. உடைமையற்ற ஆணும் பெண்ணும் வேலிக்கு வெளியே நின்றனர்.

அந்த வேலி முதல் பொதுத்தேர்தலில் அகன்றது. 1952இல் சங்கரநயினார்கோவில் என்ற பெயரிலேயே ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. 1957இல் அப்பெயர் மறைந்து தென்காசி வந்தது. அந்த முதல் தேர்தலில் 21 வயது நிரம்பியவர் யாராயினும், பட்டா உண்டா, படிப்பு உண்டா, எந்தத் தெரு என்று கேட்காமல், கையில் ஒரு வாக்குச்சீட்டைக் கொடுத்தார்கள்.