தோலினுள் உறைந்த செல்வம்

கனியை உண்டு தோலை எறிதல் மாந்தர் வழக்கம். ஆயின், சதையினுந் தோலே பெறுமதி மிக்கதாகிய வரலாறு ஒன்று இத்தாலியின் தென்கோடியிலுள்ள கலாபிரியாவுக்கு உண்டு.

1709ஆம் ஆண்டில், இத்தாலியரான பரீனா குடும்பத்தார் ஜேர்மனியின் கொலோன் நகரில் வாணிகந் தொடங்கினர். அவர்கள் உலகறியச் செய்த வாசனைநீருக்குப் பேர்கமொட் என்னுந் தோடையினக் கனியின் தோலெண்ணெய் இன்றியமையாததாயிற்று.

தோலின் புறப்பகுதியிலுள்ள நுண்ணிய பைகளில் அவ்வெண்ணெய் உறைகின்றது. வெப்பம் அதன் மென்மணத்தைக் கெடுக்கும். ஆதலின் கலாபிரிய மக்கள் காய்ச்சி வடித்தலை விடுத்து, சதை நீக்கிய தோலைக் கடற்பஞ்சின்மீது கையால் அழுத்தினர். பஞ்சு நனைந்தபின் அதனைக் கலத்திற் பிழிந்தனர். நீர் அடியிலே தங்க, எண்ணெய் மேலே மிதந்தது. ஓர் இறாத்தல் எண்ணெய்க்கு ஏறக்குறைய 200 இறாத்தற் கனி வேண்டும். 1844இல் நிக்கொலா பரில்லா அமைத்த பொறி இக்கைவேலையை எளிதாக்கிற்று.

இருபதாம் நூற்றாண்டிற் புளோரிடாவிலே தோடம்பழச்சாற்றுத் தொழில் பெருகியபோது, கனியின் நிறையில் ஏறத்தாழப் பாதி கழிவாயிற்று. அத்தோலெண்ணெயில் 90 வீதத்துக்கு மேற்பட்டது லிமோனீன் என்னும் பொருள். கழிவுநீரிற் கலந்தால், அந்நீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்களின் தொழிலை அது தடுக்கும். பிரித்தெடுத்தாலோ கரைப்பானாகவும் வாசனைப் பொருளாகவும் பயன்படும்.

எனவே, கழிவென்பது பொருளின் இயல்பன்று. நம் அறிவின் எல்லைக்கு நாம் இட்ட பெயரே எனலாம். அவ்வெல்லையை விரித்தோருள் ஆய்வுகூடத்தாருக்கு முற்பட்டவர், பஞ்சு பிழிந்த பெயரறியாத் தொழிலாளர் என்பதை வரலாறு கற்போர் மறத்தலாகாது.