பொது அடித்தளத்தில் உருவாகும் கார்களும் பழுதறி கருவிகளும்

மோட்டார் வாகனமொன்று பழுதடைந்தால், எஞ்சின் மூடியைத் திறந்து, காதால் கேட்டும் கையால் தொட்டும் கோளாறைக் கண்டறிந்த காலம் ஒன்று இருந்தது. இன்று எந்தவொரு வாகனத் திருத்துமிடத்திலும் முதலில் கையிலெடுக்கப்படுவது, ஸ்கேனர் என்று பொதுவாக அழைக்கப்படும் பழுதறி கருவியேயாகும். அந்தக் கருவி காட்டும் ஒரு வரியை நம்பியே பெருந்தொகைப் பணம் செலவிடப்படுகின்றது. ஆனால் அக்கருவி எதைப் பார்க்கின்றது, எதைப் பார்க்காது விடுகின்றது என்பதை வாகன உரிமையாளர்களில் பெரும்பாலானோர் அறிந்திருப்பதில்லை. பல கம்பனிகளின் கார்கள் ஒரே அடித்தளத்தின் மீது உருவாக்கப்படும் இக்காலத்தில் இந்த அறியாமை மேலும் குழப்பத்தை உண்டாக்குகின்றது. ஆகவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

அடித்தளம் என்பது காரின் தரைப்பகுதி, சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு, எஞ்சின் பொருத்தப்படும் இடம் முதலியவற்றை உள்ளடக்கியதாகும். ஓர் அடித்தளத்தை வடிவமைத்துப் பரிசோதிப்பதற்குப் பெரும் முதலீடு தேவைப்படுவதால், அதனைப் பல மாதிரிகளுக்குப் பகிர்ந்து பயன்படுத்துவது தயாரிப்பாளர்களுக்கு இலாபகரமானது. ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் குழுமம் 1990களில் இதனைப் பரந்த அளவில் செய்தது. நான்காம் தலைமுறை கோல்ப், முதலாவது அவுடி ஏ3, ஸ்கொடா ஒக்டேவியா, நியூ பீட்டில் ஆகியன வெளித்தோற்றத்தில் வேறுபட்டிருந்தும் ஒரே அடித்தளத்தின் மீது அமைந்தவையாகும்.

2012 ஆம் ஆண்டில் இக்குழுமம் எம்.கியூ.பி. எனும் கூறுத் தொகுதி முறையை அறிமுகப்படுத்தியது. எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்படும் கார்களுக்கான கூறுத் தொகுதி என்பதே இப்பெயரின் பொருளாகும். முன்னைய அடித்தளங்களைப் போல் இதன் எல்லா அளவுகளும் நிலையானவை அல்ல. வேக மிதிக்கும் முன்சக்கர மையத்துக்கும் இடையிலான தூரம் மாத்திரமே மாறாது. சக்கரங்களுக்கிடையிலான நீளம், அகலம் என்பவற்றைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பெற்றோல் எஞ்சினும் டீசல் எஞ்சினும் ஒரே சாய்வில் பொருத்தப்படுவதால் அவற்றைச் சூழ்ந்த பாகங்களும் பொதுவாகின. மூன்றாம் தலைமுறை அவுடி ஏ3 இம்முறையில் முதலில் வெளிவந்தது. ஏழாம் தலைமுறை கோல்ப், சியட் லியோன், ஒக்டேவியா என்பன தொடர்ந்தன. டொயோட்டாவின் டி.என்.ஜி.ஏ. முறை 2015 இல் நான்காம் தலைமுறை பிரியஸுடன் வந்தது. ரெனோல்ட் - நிசான் கூட்டணியும் பிரான்ஸின் பியூஜோ நிறுவனமும் 2013 இலேயே இத்தகைய முறைகளைக் கையாளத் தொடங்கிவிட்டன.

இங்கே பகிரப்படுவது இரும்பும் உருக்கும் மாத்திரமல்ல. எஞ்சினையும் பிறேக்கையும் ஸ்டியரிங்கையும் காற்றுப்பையையும் இயக்கும் மின்னியல் கட்டுப்பாட்டு அலகுகளும் அவற்றை இணைக்கும் வலையமைப்பும் பகிரப்படுகின்றன. ஒரே இலக்கத் தொடரில் ஆரம்பிக்கும் பாகங்களை கோல்பிலும் லியோனிலும் ஒக்டேவியாவிலும் காணலாம். அப்படியானால் ஒன்றுக்கு வாங்கிய பழுதறி கருவி ஏனையவற்றுக்கும் பொருந்துமா என்ற வினா இயல்பாகவே எழுகின்றது. இதற்கான விடையைப் பெறப் பழுதறி முறையின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

வாகனப் புகையினால் பெரிதும் பாதிக்கப்பட்ட அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமே, வாகனம் தன் கோளாறைத் தானே அறிவிக்க வேண்டும் என்ற விதியை முதலில் கொண்டுவந்தது. அதன் இரண்டாம் கட்டமான ஓ.பி.டி.2 முறை 1996 மாதிரி ஆண்டிலிருந்து அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெற்றோல் கார்களுக்கு 2001 இலும் டீசல் கார்களுக்கு 2004 இலும் இதனையொத்த விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஸ்டியரிங்கின் கீழ்ப்பகுதியில் காணப்படும் 16 முனைகளைக் கொண்ட இணைப்புத் துளை இதன் விளைவாகும்.

துளை ஒன்றாயினும் அதனூடாகப் பேசப்பட்ட மொழி ஒன்றாக இருக்கவில்லை. போர்ட் நிறுவனம் ஒரு நெறிமுறையையும், ஜெனரல் மோட்டர்ஸ் மற்றொன்றையும், ஐரோப்பிய, ஆசிய நிறுவனங்கள் வேறு சிலவற்றையும் பயன்படுத்தின. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1986 இல் வெளியிட்ட கான் எனும் வலையமைப்பு முறையே 2008 மாதிரி ஆண்டிலிருந்து அமெரிக்காவில் கட்டாயமாயிற்று. அதன் பின்னரே இந்த வேற்றுமை பெருமளவு நீங்கியது.

இவ்விடத்தில் ஒரு முக்கிய உண்மையை வலியுறுத்த விரும்புகின்றோம். சட்டம் பொதுமைப்படுத்தியது புகை வெளியேற்றத்துடன் தொடர்புடைய தகவல்களையே. பழுதுக் குறியீட்டில் ‘பி’ எழுத்தை அடுத்து பூச்சியம் வருமாயின் அது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. பி0300 என்பது எந்தக் காரிலும் எஞ்சின் சிலிண்டர்கள் ஒழுங்கின்றி எரிவதையே குறிக்கும். அவ்விடத்தில் 1 வருமாயின் அதன் பொருளை அந்தந்த நிறுவனமே தீர்மானிக்கும். குறைந்த விலைக் கருவிகள் பொதுவான பகுதியை வாசிப்பதோடு நின்றுவிடுகின்றன. பிறேக், காற்றுப்பை, ஸ்டியரிங் ஆகியவற்றின் அலகுகளை அவை பெரும்பாலும் அணுகுவதேயில்லை. எனவே பாவித்த கார் ஒன்றை வாங்கச் செல்பவர் அத்தகைய கருவியை இணைத்து, ‘பழுது எதுவுமில்லை’ என்ற வரியைக் கண்டு மகிழ்வது ஆபத்தானது. கேட்கப்படாத கேள்விக்குக் கிடைத்த மௌனமே அது.

இனி வொக்ஸ்வாகன் உதாரணத்துக்கு வருவோம். இக்குழுமத்தின் பழைய கார்கள் ஒற்றைக் கம்பியூடாகத் தமக்கேயுரிய நெறிமுறையில் பேசின. ஐந்தாம் தலைமுறை கோல்பின் காலத்தில் கான் வலையமைப்பின் மீது கே.டபிள்யூ.பி. 2000 எனும் நெறிமுறை வந்தது. எம்.கியூ.பி. கார்களில் சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 14229 இல் வரையறுக்கப்பட்ட யூ.டி.எஸ். நெறிமுறை பிரதான இடத்தைப் பெற்றது. ஆகவே ஆறாம் தலைமுறை கோல்பை நன்கு வாசித்த ஒரு பழைய கருவி, அதே பெயரைத் தாங்கிய ஏழாம் தலைமுறை கோல்பின் முன் தடுமாறக்கூடும். ஆனால் ஏழாம் தலைமுறை கோல்பை வாசிக்கும் கருவிக்கு, வேறு பெயர் தாங்கிய மூன்றாம் தலைமுறை ஒக்டேவியா பெரும்பாலும் அந்நியமாக இராது. காரின் பெயரைவிட அதன் அடித்தளமும் தலைமுறையுமே கருவியின் பொருத்தத்தைத் தீர்மானிக்கின்றன என்பது இதிலிருந்து தெளிவாகின்றது.

எனினும் இந்த ஒற்றுமைக்கும் எல்லைகள் உண்டு. முதலாவது, தரவுக் கோப்பு. கட்டுப்பாட்டு அலகு அனுப்புவது வெறும் எண்களையே. அவை வெப்பநிலையா, அழுத்தமா, எந்த அளவையில் என்பதை விளக்கும் கோப்பு கருவியிடம் இருக்க வேண்டும். ஒரே வகை அலகிலும் மென்பொருளின் பதிப்பு மாறினால் இந்தக் கோப்பும் மாறலாம். வருடக்கணக்கில் புதுப்பிக்கப்படாத கருவி தவறான வாசிப்பைத் தருவதற்கு இது ஒரு காரணமாகும்.

இரண்டாவது, அலகின் அமைவு. இரு கார்களின் ஸ்டியரிங் அலகுகள் வெளிப்பார்வைக்கு ஒன்றேயாக இருப்பினும், காரின் நிறைக்கும் சக்கரத்துக்கும் ஏற்ற அளவீடுகள் அவற்றினுள் தனித்தனியாகப் பதியப்பட்டுள்ளன. ஒன்றைக் கழற்றி மற்றதில் பொருத்துவதால் மாத்திரம் வேலை முடிவதில்லை. பிறேக்கிலும் காற்றுப்பையிலும் இத்தகைய தவறு உயிரோடு விளையாடுவதாகும். அத்துடன் சில அலகுகள், களவைத் தடுக்கும் நோக்கில், தாம் பிறந்த காருடன் பிணைக்கப்பட்டுள்ளன. தயாரிப்பாளரின் கணனியுடன் இணைந்தே அப்பிணைப்பை மாற்ற முடியும்.

மூன்றாவது எல்லையே இன்று பெரும் சர்ச்சைக்குரியதாகும். 2015 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரு ஆய்வாளர்கள் ஜீப் வாகனமொன்றைத் தொலைவிலிருந்து கணனி மூலம் கட்டுப்படுத்திக் காட்டினர். அதனைத் தொடர்ந்து சுமார் 14 இலட்சம் வாகனங்கள் திருத்தத்துக்காக மீள அழைக்கப்பட்டன. அவர்கள் நுழைந்தது கையடக்கத் தொலைபேசி வலையமைப்பின் வழியாகவே. ஆயினும் பூட்டு விழுந்ததோ பழுதறி துளைக்கும் சேர்த்துத்தான். பியற் கிறைஸ்லர் நிறுவனம் 2018 மாதிரிகளிலிருந்து பாதுகாப்பு நுழைவாயில் அலகொன்றைப் பொருத்தலாயிற்று. 2019 இல் அறிமுகமான எட்டாம் தலைமுறை கோல்பில், முக்கியமான அமைவுகளை மாற்றுவதற்குத் தயாரிப்பாளரின் சேவையகத்திலிருந்து அனுமதி பெறும் முறை புகுத்தப்பட்டது. வாகனங்களின் இணையப் பாதுகாப்புக்கான ஐக்கிய நாடுகளின் 155 ஆம் இலக்க ஒழுங்குவிதி, 2024 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகப் பதியப்படும் எல்லாக் கார்களுக்கும் பொருந்துகின்றது.

பாதுகாப்பு அவசியம் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் திறப்பு யாருடைய கையில் இருக்கின்றது என்பதே கேள்வியாகும். தயாரிப்பாளரின் கையில் மாத்திரம் இருக்குமாயின் சிறு திருத்துமிடங்கள் மெல்ல மெல்ல மூடப்படும்; உரிமையாளர் தாம் விரும்பிய இடத்தில் திருத்தும் சுதந்திரத்தை இழப்பார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 செப்டெம்பர் 1 ஆம் திகதி முதல் நடைமுறையிலுள்ள 2018/858 ஒழுங்குவிதி, பழுதறி தகவல்களைச் சுயாதீனத் திருத்துநர்களுக்கும் வழங்குமாறு பணிக்கின்றது. இவ்விதி கூறாத நிபந்தனைகளை, அதாவது முன்பதிவு, சேவையக இணைப்பு போன்றவற்றைத் தயாரிப்பாளர் விதிக்க முடியாது என ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஒக்டோபர் 5 ஆம் திகதி தீர்ப்பளித்தது. பியற் கிறைஸ்லரின் இத்தாலிய நிறுவனத்துக்கு எதிராக இரு திருத்துமிட நிறுவனங்கள் தொடுத்த வழக்கு அது. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநில வாக்காளர்களும் திருத்தும் உரிமைக்கு ஆதரவாக 2012 இலும் 2020 இலும் வாக்களித்தனர்.

எமது நாட்டில் இப்பிரச்சினை வேறொரு வடிவில் காணப்படுகின்றது. இங்கு ஓடும் கார்களில் பல, ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென உருவாக்கப்பட்டுப் பின்னர் இறக்குமதி செய்யப்பட்டவை. ஜப்பானில் அக்வா எனப்படும் கார் வெளிநாடுகளில் பிரியஸ் சி எனும் பெயரில் விற்கப்பட்டது. அடித்தளம் ஒன்றாயினும் சந்தை வேறு. 16 முனைத் துளை இருந்தும், பொதுக் கருவியின் கேள்விக்குப் பதிலளிக்காத ஜப்பானிய உள்நாட்டுக் கார்கள் உள்ளன. வேறொரு நாட்டில் பயன்பட்ட கருவி இங்கு பயன்படாது போவதற்கு இது காரணமாகலாம்.

கலப்பின வாகனங்களின் விடயத்தில் இதன் விளைவு உரிமையாளரின் பணப்பையை நேரடியாகத் தாக்குகின்றது. மூன்றாம் தலைமுறை பிரியஸின் மின்கலத் தொகுதியில் 28 கூறுகள் உள்ளன. அவை இரண்டிரண்டாக 14 பிரிவுகளில் அளக்கப்படுகின்றன. பிரிவுகளின் மின்னழுத்தங்கள் தம்முள் பெரிதும் வேறுபடும்போது, பி0ஏ80 என்ற குறியீடு தோன்றி மின்கலத்தை மாற்றுமாறு கூறும். பொதுக் கருவி இந்தக் குறியீட்டை மாத்திரமே காட்டக்கூடும். 14 பிரிவுகளின் அளவீடுகளையும் தனித்தனியே பார்த்தால்தான் பலவீனமான கூறு எது என்பது புலப்படும். கூறுகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் படிந்த களிம்பும் சிலவேளை இத்தகைய வேறுபாட்டை ஏற்படுத்துவதுண்டு. குறியீட்டை மாத்திரம் நம்பி முழுத் தொகுதியையும் மாற்றிய பின்னர் வருந்துவதில் பயனில்லை.

எனவே கருவி வாங்குபவரும் வாகனத்தைத் திருத்தக் கொடுப்பவரும் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். காரின் பெயரோடு நில்லாது அதன் சட்டக இலக்கம், மாதிரி ஆண்டு, எந்தச் சந்தைக்கென உருவாக்கப்பட்டது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கருவி எஞ்சினை மாத்திரம் வாசிக்கின்றதா, எல்லா அலகுகளையும் வாசிக்கின்றதா என்று கேட்க வேண்டும். வாசிப்பது வேறு, அமைவை மாற்றுவது வேறு என்பதை உணர வேண்டும். குறியீடுகளை அழிப்பதற்கு முன் அவை அனைத்தையும் எழுதிவைக்க வேண்டும். அழிக்கப்பட்ட குறியீட்டுடன், கோளாறு நிகழ்ந்த கணத்தில் பதியப்பட்ட தகவல்களும் மறைந்துவிடும். மென்பொருளை மாற்றும்போது மின்கலத்தின் மின்னழுத்தம் குறையாதிருக்கத் தனியான மின்வழங்கியை இணைக்க வேண்டும். இடைநடுவில் மின் தடைப்பட்டால் அந்த அலகே பயனற்றுப் போகக்கூடும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் உலகின் கார்கள் வெகுவாக மாறிவிட்டன. இப்போது வந்திறங்கும் கார்களை, பழைய கருவிகளுடனும் பழைய அனுபவத்துடனும் எதிர்கொள்ளும் தொழில்நுட்பவியலாளர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. மொறட்டுவையில் நீண்டகாலமாக இயங்கும் இலங்கை - ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இத்துறையில் இளைஞர்களுக்கு வழிகாட்டக்கூடியவை. ஏற்கனவே தொழிலில் உள்ளவர்களும் வேலைநேரத்தின் பின்னர் கற்கத்தக்க குறுகியகால வகுப்புகள் நாடெங்கும் ஏற்படுத்தப்பட வேண்டும்.

இறக்குமதியாளரும் தமது பொறுப்பை உணர்தல் அவசியமாகும். காரை விற்பவர், அதன் பழுதறி தகவலை இந்நாட்டில் எவ்வாறு பெறலாம் என்பதையும் வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதியை உரிய அதிகாரிகள் பரிசீலிப்பது நல்லது. வியர்வை சிந்தி உழைத்த பணத்தில் வாங்கிய வாகனத்தின் கோளாறை அறியும் உரிமை, அதன் உரிமையாளருக்கே முதலில் உரியது என்பது எமது நிலைப்பாடாகும்.