பசு தந்த ஒரு சொல்

சொற்களுக்கும் பிறப்பு உண்டு, வளர்ப்பும் உண்டு. ஓரிடத்திற் பிறந்து, பிறிதோரிடத்தில் வளர்ந்து, பிறந்த வீட்டின் அடையாளமே தெரியாதவாறு உலகெங்கும் உலவும் சொற்கள் பல. நோய் வாராமற் காக்கும் மருந்தினை ஆங்கிலேயர் 'வக்சின்' என வழங்குவர். வைத்தியசாலையிலும் செய்தித்தாளிலும் நாள்தோறும் புழங்கும் இச்சொல்லின் அடியிலே ஒரு பசு நிற்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. இலத்தீன் மொழியில் 'வாக்கா' என்பது பசு. அதனடியாகப் பிறந்த 'வாக்கீனுஸ்' என்பது பசுவுக்குரியது எனப் பொருள்படும்.

பசுவுக்கும் மருந்துக்கும் உறவு ஏற்பட்ட வரலாறு இங்கிலாந்தின் குளொஸ்ரர் மாவட்டத்திலே தொடங்குகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் பெரியம்மை ஐரோப்பாவை அரித்துக்கொண்டிருந்தது. பால் கறக்கும் பெண்களுக்குப் பசுவின் மடியிலிருந்து சிறு கொப்புளங்கள் தொற்றுவதுண்டு. அவ்வாறு தொற்றியவர்களைப் பெரியம்மை அணுகுவதில்லை என்பது அந்நாட்டுப்புறத்தார் நம்பிக்கை. பேர்க்லி என்னும் ஊரில் வைத்தியராயிருந்த எட்வேட் ஜென்னர் இதனைச் சோதித்தறிய விரும்பினார். 1796ஆம் ஆண்டு மே மாதம் 14ஆந் திகதி, சேரா நெல்ம்ஸ் என்ற பால்காரியின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் புயத்திற் கீறி ஏற்றினார். யூலை மாதத்தில் அச்சிறுவனுக்குப் பெரியம்மைச் சீழையே ஏற்றியபோதும் நோய் காணவில்லை. 1798இல் தாம் வெளியிட்ட நூலிலே ஜென்னர் அந்நோய்க்கு இட்ட இலத்தீன் பெயரின் பொருள் 'பசுவின் அம்மை' என்பதாகும். 'வக்சின்' என்னும் சொல் அவ்வழியே ஆங்கிலத்துட் புகுந்தது.

புதுமையைக் கண்டு நகைத்தவரும் அஞ்சியவரும் உளர். அம்மைநீர் ஏற்றிக்கொண்ட மாந்தரின் உடலிலிருந்து பசுக்கன்றுகள் முளைப்பதுபோல் ஜேம்ஸ் கில்றே என்ற ஓவியர் 1802இல் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். அன்று அச்சொல்லைக் கேட்டவர் மனத்தில் பசு எவ்வளவு தெளிவாக நின்றது என்பதற்கு அச்சித்திரமே சான்று. ஏறக்குறைய எண்பது ஆண்டுகளின் பின், பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்ரர் கோழி, ஆடு, மாடு ஆகியவற்றின் நோய்களுக்கும் தடைமருந்து கண்டார். அவை அனைத்துக்கும் அதே பெயர் பொருந்துமென, ஜென்னரைப் போற்றும் முகமாக, 1881இல் இலண்டனிற் கூடிய வைத்தியர் மாநாட்டில் அவர் கூறினார். அன்றுதொட்டுச் சொல்லின் பொருள் விரிந்தது, பசு மறைந்தது.

ஆங்கிலத்திலே மறைந்த பசு ஸ்பானிய மொழியிலே மறையவில்லை. அம்மொழியில் பசுவுக்குப் பெயர் 'பாக்கா'. மாட்டினத்துக்குரியது எதுவும் 'பக்கூனோ' எனப்படும். அதன் பெண்பால் வடிவம் 'பக்கூனா'. பசுவின் அம்மை என்னும் தொடரில் அடைமொழியாக நின்ற அவ்வடிவம், காலப்போக்கில் அம்மை என்னும் சொல்லை விட்டுத் தானே பெயராயிற்று. ஆங்கில 'வக்சின்' என்பதற்கு ஸ்பானிய மொழிபெயர்ப்பு இன்றும் 'பக்கூனா'வே.

அச்சொல்லை ஸ்பெயினிற் பரப்பியவர்களுள் முதன்மையானவர் பிரான்சிஸ்கோ ஹவியேர் தே பல்மிஸ். அரண்மனை வைத்தியரான இவர், இத்துறை பற்றிய பிரெஞ்சு நூலொன்றை 1803இல் ஸ்பானியத்தில் மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்போடு அவர் அமையவில்லை. மன்னர் நான்காம் சாள்சின் மகளொருத்தி 1794இல் பெரியம்மையால் இறந்திருந்தாள். கடல்கடந்த குடியேற்ற நாடுகளுக்கு அம்மருந்தைக் கொண்டுசெல்லும் பல்மிசின் திட்டத்துக்கு மன்னர் பொருளுதவி நல்கினார்.

ஆயினும் மருந்தைக் கொண்டுசெல்வது எவ்வாறு? நூலிலோ கண்ணாடியிலோ தோய்த்த அம்மைநீர் நெடும்பயணத்து வெப்பத்திற் கெட்டுவிடும். பெரியம்மை கண்டிராத மனித உடலிலே அது உயிரோடிருக்கும். ஆகவே 1803 நவம்பர் 30ஆந் திகதி லா கொறூஞா துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'மரியா பீத்தா' என்னுங் கப்பலில் இருபத்திரண்டு சிறுவர் ஏற்றப்பட்டனர். பெரும்பாலோர் அநாதைகள், மூன்று வயது முதல் ஒன்பது வயது வரையினர். ஒன்பது பத்து நாட்களுக்கு ஒருமுறை இருவர் புயத்திலிருந்து அடுத்த இருவர் புயத்துக்கு அம்மைநீர் மாற்றப்பட்டது. ஒருவரிடம் பற்றாவிடினும் மற்றவரிடம் பற்றும் என்பதற்காகவே இருவர். அநாதை விடுதித் தலைவியாயிருந்த இசபெல் சென்டால் அக்குழந்தைகளைப் பேணி உடன் சென்றாள். அவள் மகனும் அவர்களுள் ஒருவன். மெக்சிக்கோ சேர்ந்த பின் பல்மிஸ் வேறு இருபத்தாறு சிறுவருடன் பசிபிக் கடலைக் கடந்து 1805இல் மணிலாவையும், பின்னர் மக்காவோ, கன்ரன் நகரங்களையும் அடைந்தார். தென்னமெரிக்காவுக்குப் பிரிந்து சென்ற சல்வானி என்ற வைத்தியர் 1810இல் கொச்சபம்பாவிலே நோயுற்று இறந்தார்.

அதே மருந்து கீழைத்தேயங்களை வேறொரு வழியாக முன்னரே அடைந்திருந்தது. பாக்தாது, பஸ்றா வழியாகப் பம்பாய் சேர்ந்த அம்மைநீர், 1802 யூன் 14ஆந் திகதி அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுச் சிறுமியின் புயத்தில் ஏற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே அது இலங்கைக்கும் வந்தது. இங்கு வைத்திய அதிகாரியாயிருந்த தோமஸ் கிறிஸ்ரி, பெரியம்மை இத்தீவில் விளைத்த அழிவைப் பற்றி 1811இல் நூலொன்று வெளியிட்டார். தமிழ் மக்கள் அம்மருந்தை 'அம்மைப்பால்' என்றனர். பசுவின் பெயர் வாராவிடினும் பால் வந்தது. பிற நோய்களுக்கும் மருந்து தோன்றியபோது ஐரோப்பியர் பழைய சொல்லையே நீட்டினர். தமிழர் 'தடுப்பூசி' எனப் புதுச்சொல் ஆக்கினர். எனினும் ஊசியின்றி வாயிலிடும் இளம்பிள்ளை வாத மருந்துக்கு அது பொருந்தாமையால், 'சொட்டு மருந்து' என வேறு சொல் வேண்டியதாயிற்று. பொருளை மறந்த சொல்லுக்கு இத்தகைய இடர்ப்பாடு இல்லை.

சொல்லின் விரிவு நல்வழியில் மட்டும் செல்வதன்று. கணினியை நச்சுநிரலினின்று காக்கும் நிரலையும் ஸ்பானிய மொழியினர் 'பக்கூனா' என்பர். கொலம்பியாவிலோ, ஆயுதக் குழுவினர் உழவரிடமும் வணிகரிடமும் மிரட்டிப் பறிக்கும் பணத்துக்கும் அதுவே பெயர். கொடுத்தால் தீங்கு வாராது என்பது அதன் குறிப்பு. குழந்தைகளின் புயத்திற் பயணம் செய்த சொல்லுக்கு நேர்ந்த இழிவு இது.

பசுவின் உரிமையே ஐயத்துக்குரியதாயிற்று என்பதும் அறியத்தக்கது. இந்நோய் குதிரையிலிருந்தே பசுவுக்கு வந்திருக்கலாமென ஜென்னரே கருதினார். 1902ஆம் ஆண்டைச் சேர்ந்த அம்மைப்பால் ஒன்றின் மரபணுவை ஆராய்ந்து 2017இல் முடிவு வெளியிட்ட அறிஞர், அது குதிரையம்மைக் கிருமியை நெருங்கியதெனக் கண்டனர். ஆயினும் வழங்கிவிட்ட பெயரை இனி எவரும் மாற்றார்.

1977இல் சோமாலியாவிலே இயற்கையாகத் தொற்றிய இறுதிப் பெரியம்மை காணப்பட்டது. 1980 மே 8ஆந் திகதி அந்நோய் உலகினின்று ஒழிந்ததென உலக சுகாதாரப் பேரவை சாற்றியது. பசுவின் நினைவைச் சொல் காத்து நிற்கின்றது. லா கொறூஞாவிலிருந்து சென்று மீண்டும் தம் ஊர் காணாது மெக்சிக்கோவிலேயே வளர்ந்த சிறுவரின் நினைவை எந்தச் சொல்லும் காக்கவில்லை. அதனை வரலாறு காத்தல் வேண்டும்.