போக வரப் பத்து மைலும் இருபது விநாடியும்

மேற்கே குற்றாலச் சாரல் நனைக்கும் மலையடிவாரத்தில் நெல்லும் தென்னையும், கிழக்கே சங்கரன்கோவில், குருவிகுளம் பக்கம் மானாவாரிக் கரிசலுமாக அமைந்தது தென்காசி மாவட்டம். திருநெல்வேலியிலிருந்து 2019இல் பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்திலும், அதை ஒட்டிய தூத்துக்குடி, விருதுநகர் வட்டாரங்களிலும், கோயில் கொடையையோ தலைவர் ஒருவரின் விழாவையோ முன்னிட்டு நடத்தப்படும் மாட்டுவண்டிப் பந்தயமே, மோட்டார் வாகனம் வருவதற்கு முன்பிருந்து இப்பகுதி மக்களுக்கு வேகத்தையும், வேகத்தோடு கூடப் பிறக்கும் வழக்கையும் பழக்கிய களமாகும்.

இப்பந்தயத்துக்கெனத் தனித் திடல் கிடையாது. பெரிய மாடு, சின்ன மாடு, இளம் மாடுகளுக்கான பூஞ்சிட்டு என்று பிரிவுகள் வகுக்கப்பட்டு, வண்டிகள் தார்ச்சாலையிலேயே ஓடுகின்றன. நாடு கிலோமீட்டருக்கு மாறிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும், தூரத்தைப் 'போக வர 8 மைல்', 'போக வர 10 மைல்' என்றே குறிக்கிறார்கள். 'போக வர' என்ற அந்தச் சொல்லிலேயே சச்சரவின் வித்தும் இருக்கிறது. புறப்பட்ட இடமே முடியும் இடமும் ஆதலால் கூட்டத்தின் பெரும்பகுதி அங்கேயே திரண்டு நிற்க, வண்டிகள் திரும்பும் எல்லையோ நாலைந்து மைலுக்கு அப்பால், அவர்கள் கண்ணுக்கு எட்டாத தொலைவில் அமைகிறது. அங்கே எந்த வண்டி எதை மறித்தது, எதன் சக்கரம் எதில் உரசியது என்பதற்கு, மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்து சென்றவர்களின் வாய்மொழியே சாட்சி. கயிற்றைப் பிடிப்பவர் சாரதி. இறங்கி உடன் ஓடி மாடுகளை விரட்டுபவர் துணைச் சாரதி. ஆயினும் பரிசு அறிவிப்பில் ஊர்ப்பெயரும் மாட்டுக்காரர் பெயருமே பெரும்பாலும் முன்னே வருகின்றன என்பதால், உரசியது சாரதியே ஆனாலும், வழக்கு இரண்டு ஊர்களுக்கு இடையிலானதாகிவிடுகிறது.

இப்பந்தயத்தின் மிகக் கடுமையான தண்டனை சாலையில் அல்ல, நீதிமன்றத்தில் விதிக்கப்பட்டது. ஜல்லிக்கட்டு வழக்கு என்று நாடறிந்த வழக்கின் முதற்கண்ணி, ரேக்ளா எனப்படும் வண்டிப் பந்தயத்துக்கு அனுமதி கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்த மனுவே என்பதும், 2006 மார்ச்சில் அதன்மீது பிறந்த தீர்ப்பே காளை விளையாட்டுகள் அனைத்தையும் தடுத்தது என்பதும் இன்று பலர் நினைவில் இல்லை. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் சேர்த்தே தடை செய்தது. இத்தகைய விளையாட்டுகளை அனுமதிக்க 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தம் செல்லும் என்று 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

மாட்டுவண்டிக்குப் பின் வந்த மோட்டார் பந்தயத்தின் தமிழக வரலாறு, சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் வேர்விட்டது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கு நடத்திய பந்தயங்களில், பின்தொடர்ந்து சென்றவரின் வாய்மொழிக்குப் பதிலாகக் கொடி வந்தது. தடத்தோரம் நிற்கும் அலுவலர் காட்டும் மஞ்சள் கொடி முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது என்றும், நீலக் கொடி பின்னால் விரைவான வண்டி வருகிறது, வழிவிடு என்றும் பொருள்படும். கோண்டல் அரச குடும்பத்தவரும் விஜய் மல்லையாவும் வெளிநாட்டுக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டிய அந்தக் களத்தில், திறமையோடு பணமும் சேர்ந்தே ஓடியது. மல்லையாவின் என்சைன், ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கென உருவான கார். வண்டிகள் இவ்வளவு ஏற்றத்தாழ்வோடு இருக்கும்போது தோற்றவருக்கு வண்டியே சமாதானம் ஆகிவிடுவதால், ஓட்டுநர்களுக்கு இடையிலான பகை முழு உருவம் பெறுவதில்லை.

அந்நிலையை மாற்றியவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். மாருதி எஞ்சினைப் பொருத்தி, ஒருவர் மட்டுமே அமரும் பந்தயக் காரை இந்தியாவிலேயே உருவாக்கி, ஒரே மாதிரியான வண்டிகளை எல்லோருக்கும் கிடைக்கச் செய்த அவருடைய பணி, தமிழக மோட்டார் பந்தயத்தில் வேறு எவருடைய பணியைக் காட்டிலும் பெரிது என்று தயக்கமின்றிச் சொல்லலாம். 1990இல் பந்தயம் சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு இடம்பெயர, ஃபார்முலா மாருதி என்ற அவ்வகைக் காரில் ஓட்டத் தொடங்கியவரே கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். 2005இல் மெல்போர்னில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராகக் கார்த்திகேயன் களமிறங்கியதைக் காண அவர் இல்லை.

தண்டனை பற்றித் தமிழ் ரசிகர்கள் சொந்த வழக்காகவே கருதத்தக்க நிகழ்ச்சி, 2012 மார்ச் 25 அன்று மலேசியாவின் செபாங் தடத்தில் நேர்ந்தது. அன்று பெருமழை. களத்திலேயே மெதுவான வண்டிகளுள் ஒன்றான ஹெச்.ஆர்.டி.யில் இருந்த கார்த்திகேயன், தொடக்கத்திலிருந்தே கனமழை டயரோடு ஓடியதால், பந்தயம் நிறுத்தப்பட்டபோது பத்தாம் இடத்தில் இருந்தார். ஓட்டம் மீண்டும் தொடங்கியபின் முன்னாள் உலக வாகையர் ஜென்சன் பட்டன் அவர்மீது மோதித் தம் முன்சிறகை உடைத்துக்கொண்டார். தவறு தம்முடையதே என்று ஒப்புக்கொண்டார். பந்தயத்தின் பிற்பகுதியில், நான்காம் இடத்தில் வந்த நடப்பு உலக வாகையர் செபாஸ்டியன் வெட்டல், கார்த்திகேயனின் காரை ஒரு சுற்று முந்திக் கடக்கையில் உரசியதில் வெட்டலின் இடப்புறப் பின்டயர் கிழிந்தது. வெட்டலோ, பந்தயம் முடிந்தபின் தம் தாய்மொழியில் வெள்ளரிக்காயைக் குறிக்கும் ஏளனச் சொல்லால் கார்த்திகேயனைப் பழித்தார்.

பந்தய நடுவர் குழு கார்த்திகேயனையே குற்றவாளியாகக் கண்டது. பிட் பாதை வழியே மெதுவாகக் கடந்து செல்ல வைக்கும் தண்டனை, பந்தயம் முடிந்துவிட்டால் இருபது விநாடியாக நேரத்தில் கூட்டப்படும். அதுவே அவருக்கு விதிக்கப்பட்டது. நீலக் கொடி வழிவிடும் கடமையைப் பின்தங்கியவர்மேல் சுமத்துகிறது என்பது மெய். ஆனால், ஈரத் தடத்தில், ஏற்கெனவே ஓரம் ஒதுங்கிய காரைக் கடப்பவருக்கு இடம்விட்டுக் கடக்கும் கடமை இல்லை என்று அவ்விதி எங்கும் சொல்லவில்லை. விரைவானவர் உரசினால் விபத்து, மெதுவானவர் உரசினால் குற்றம் என்னும் சாய்வு அன்றைய தீர்ப்பில் இருந்தது என்றே கருத வேண்டியிருக்கிறது. மதிப்பு மிக்க புள்ளிகளை இழந்தவரின் சினம் உலகெங்கும் கேட்க, புள்ளிக்கு வாய்ப்பே இல்லாதவரின் விளக்கம் எடுபடாமல் போனது.

இறுதிப் பட்டியலில் வெட்டல் பதினொன்றாம் இடத்திலும், பட்டன் பதினான்காம் இடத்திலும் இருந்தனர். அந்த இருபது விநாடியால் கார்த்திகேயன் 21ஆம் இடத்திலிருந்து 22ஆம் இடத்துக்கு இறங்கினார். அவருக்கு மேலே ஏறியவர், அதே ஹெச்.ஆர்.டி. அணியின் மற்றோர் ஓட்டுநரான பெத்ரோ டி லா ரோசா.